ஏழாவது கேள்வி

பிப்ரவரி 11

மச்சானுக்கு,

நான்தான். போன் பண்ணினா எடுக்க மாட்டீங்கன்னு தெரியும். நாலு வருஷமா அடிச்சுப் பாத்து அலுத்துப் போச்சு. அதான் எழுதறேன். கவர் மேல கையெழுத்தைப் பாத்ததும் கிழிச்சுப் போடாம இருந்தா, மேல படிங்க.

நாங்க இப்ப இருக்கற ஊர் உங்க ஊர்லேருந்து ரயில்ல ஆறு மணி நேரம். லிஃப்ட் கம்பெனியில என்னை நிரந்தரம் பண்ணிட்டாங்க. முப்பத்தெட்டுக் கட்டடம் என் பொறுப்பு. ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுபோன லிஃப்ட்லேருந்து ஆளுங்களை வெளிய எடுக்கறதுதான் பாதி வேலை. கதவைத் திறக்கற வரைக்கும் உள்ள இருக்கறவங்க பயந்துடாம பேச்சுக் குடுத்துக்கிட்டே இருக்கணும். வளவளன்னு பேசறதுக்குச் சம்பளம் தர்ற ஒரே உத்தியோகத்தைத் தேடிப் பிடிச்சிருக்கீங்கன்னு உங்க தங்கச்சி சின்னவ கேலி பண்ணுவா.

விஷயத்துக்கு வரேன். குடியுரிமைக்கு மனு போட்டிருக்கேன். மனு என் பேர்ல, கூடவே உங்க தங்கச்சிக்கும் சேர்த்து. சாட்சி சொல்ல ரெண்டு பேர் வேணும். ஒருத்தர் இங்கேயே பொறந்தவரா இருக்கணும். அதுக்கு எங்க ஃபோர்மேன் எழுதிக் குடுத்துட்டார். இன்னொருத்தர், மனு போடறவனோட ஒரே வீட்டுல ஒரு வருஷமாவது சேர்ந்து இருந்த குடிமகனா இருக்கணுமாம். உங்களை விட்டா எனக்கு வேற யார் இருக்கா?

படிவத்தை இதோட வெச்சிருக்கேன். மொத்தம் பத்துக் கேள்வி. ஒன்பதுக்கு ஆமா, இல்லன்னு கட்டத்துல குறி போட்டாப் போதும். ஏழாவதுக்கு மட்டும் விளக்கி எழுதணும். "மனுதாரர் இந்த நாட்டின் பண்பாட்டையும் பழக்கவழக்கங்களையும் மதித்து நடப்பவரா? நீங்கள் நேரில் கண்டதைக் கொண்டு விளக்கவும்." அதைப் படிச்சதும் படிவத்தை மடிச்சு ரெண்டு நாள் அலமாரியில வெச்சுட்டேன், மறைக்கல. எழுதினதை நீங்களே ஒட்டி நேரா அலுவலகத்துக்கு அனுப்பணும். நான் பாக்கக் கூடாது. மார்ச் முப்பத்தொண்ணு கடைசி நாள்.

இந்தக் காகிதம் ஏன் வேணும்னு உங்களுக்கே தெரியும். இப்ப எங்ககிட்ட இருக்கற குடியிருப்பு அட்டையை வெச்சுக்கிட்டு வெளிய போனா திரும்ப உள்ள விட மாட்டாங்க. சின்னவ அவ அம்மாவை, அத்தையைப் பாத்து ஆறு வருஷம் ஆச்சு. போன வாரம் போன்ல பேசிக்கிட்டிருக்கும்போது அத்தை இவகிட்ட, "நீ யாரும்மா, யார் வீட்டுப் பொண்ணு"ன்னு கேட்டாங்க. கொஞ்ச நேரத்துல ஞாபகம் வந்துருச்சு. ஆனா இவ போனை வெச்சுட்டு பாத்ரூமுக்குள்ள போய் குழாயைத் திறந்துவிட்டுட்டு ரொம்ப நேரம் வெளிய வரல.

படிவத்தை உங்களுக்கு அனுப்பணும்னு அவகிட்ட சொன்னேன். அதுக்கென்ன, அண்ணன் எழுதிடும்னு சொல்லிட்டுத் துணி மடிக்கப் போயிட்டா. அவளுக்கு அதுல சந்தேகமே வரல. எனக்குத்தான் வருது.

இப்படிக்கு,
சின்னவ வீட்டுக்காரன்


பிப்ரவரி 20

மாப்பிள்ளைக்கு,

கடிதமும் படிவமும் கிடைத்தன. கிழிக்கவில்லை. நூலகத்துக்கு வரும் தபாலையே பத்தொன்பது வருடமாகப் பிரித்து அடுக்கிவைப்பவன் நான், எனக்கு வந்ததைக் கிழிப்பேனா? இன்னமும் அதே நூலகத்தில்தான் இருக்கிறேன். அதே நிலவறை, பழைய இதழ்களுக்கு எண் ஒட்டும் அதே வேலை. ஊரில் எட்டு வருடம் கல்லூரியில் வேதியியல் நடத்தியவன் என்று இங்கே ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தாலும் எண் நேராக ஒட்டியிருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

"நீங்கள்" என்றே எழுதுகிறேன். தங்கையின் கணவனை ஒருமையில் அழைப்பது நம் வீட்டு வழக்கமில்லை. மனதுக்குள் எப்படி அழைக்கிறேன் என்பது என் சொந்த விஷயம்.

ஏழாவது கேள்வியைப் பார்த்ததும் படிவத்தை இரண்டு நாள் மடித்து வைத்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். பயப்பட வேண்டியதுதான். பதினெட்டு மாதம் என் வீட்டில் இருந்தீர்கள். வந்த முதல் நாளே இருபத்து மூன்று விதிகளைத் தமிழில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன். நீங்கள் அதன் கீழே "மீறினால் நாடு கடத்தப்படும்" என்று எழுதிவைத்துச் சிரித்தீர்கள். சின்னவளும் சிரித்தாள். அந்த விதிகளை நான் இட்டுக்கட்டவில்லை. இங்கே வந்து இறங்கிய அன்று கையில் கொடுத்த சிறு புத்தகத்திலிருந்து எடுத்தவை. வீட்டுக்குள் செருப்புச் சத்தம் கூடாது. ஒன்பது மணிக்குமேல் குழாய் திறக்கக் கூடாது. சொல்லாமல் யார் வீட்டுக்கும் போகக் கூடாது. லிஃப்டில் அந்நியரோடு பேசக் கூடாது. இதெல்லாம் ஒரு மனிதனால் முடியாத காரியமா?

குக்கர் வைக்க வேண்டாம், விசில் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் என்றேன். சின்னவள் பேசாமல் பாத்திரத்தில் வடித்தாள். நீங்கள்தான் பால்கனியில் குக்கரை வைத்து, "வெளிய வெச்சா வீட்டுக்குள்ள சத்தம் இல்லையே மச்சான்" என்றீர்கள். நான் நிலவறையில் பத்தொன்பது வருடமாக மத்தியானம் ஆறிப்போன ரொட்டிதான் தின்கிறேன். சூடாக்கினால் வாசனை மற்றவர்களுக்குத் தொந்தரவு என்று புத்தகத்தில் இருக்கிறது. ஒருவரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அதற்குப் பெயர்தான் மரியாதை.

எதிர்வீட்டு அம்மாள் விஷயத்தை நான் மறக்கவில்லை. அவள் கணவர், அந்த ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர், இறந்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள்? மூன்று நாள் டிபன் கேரியரில் சோறும் பருப்பும் எடுத்துக்கொண்டு போய் அவள் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டீர்கள். துக்கத்தில் இருப்பவர்களை இங்கே தனியாக விடுவார்கள். ஓர் அட்டை எழுதிக் கதவிடுக்கில் போடுவார்கள். அதுதான் முறை. மூன்றாம் நாள் நான் வந்து உங்களை அழைத்துப்போக வேண்டியதாயிற்று. அன்று மாலையே அவளுக்கு மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினேன். என் உறவினர் புதியவர், உங்கள் வழக்கம் அறியாமல் அத்துமீறிவிட்டார், இனி நடக்காது என்று. அதற்கு நீங்கள் என்ன செய்தீர்கள்? ஒரே வாரத்தில் பெட்டியைக் கட்டினீர்கள். என் தங்கையையும் கூட்டிக்கொண்டு போனீர்கள். அவள் படிப்பு முடியட்டும், அவள் கல்யாணம் முடியட்டும் என்று என் கல்யாணத்தை ஒத்திப்போட்டவன் நான். பிறகு ஒத்திப்போடவும் ஒன்றும் இல்லாமல் போயிற்று.

அன்றிலிருந்து அந்த அம்மாள் என்னைக் கண்டால் கதவைச் சாத்திக்கொள்கிறாள். அது உங்கள் கைங்கரியம்.

அம்மாவைப் பற்றி எழுதி என்னை இளக்கப் பார்க்க வேண்டாம். உங்கள் கல்யாணத்துக்கு நான் ஊருக்கு வந்திருந்தபோது அவள் ஊரார் முன்னால் என்னைச் சொன்னது நினைவிருக்கும். சமையலறைக்குள் போகுமுன் கதவைத் தட்டினேன் என்பதற்காக, "இவன் எனக்குப் பிள்ளையா, விருந்தாளியா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள்தான் உரக்கச் சிரித்தவர்.

கண்டதை எழுதச் சொல்கிறார்கள். நான் கண்டதை எழுதினால் உங்களுக்கு நல்லதா என்று நீங்களே யோசித்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவியின் அண்ணன்


மார்ச் 1

மச்சானுக்கு,

சமையலறைக் கதவைத் தட்டினதுக்கு நான் சிரிச்சது தப்பு. மாப்பிள்ளைக் கோலத்துல இருந்தேன், அன்னிக்கு எதைப் பாத்தாலும் சிரிப்பா வந்துச்சு. மன்னிச்சுக்குங்க. ஃப்ரிட்ஜ்ல எழுதினதுக்கும் மன்னிச்சுக்குங்க. குக்கருக்கு மட்டும் மன்னிப்புக் கேக்க மாட்டேன். வடிச்ச சோறு கொழகொழன்னு இருந்துச்சு, அதைப் பத்தி நீங்களும் ஒரு நாளாவது முகம் சுளிச்சிருப்பீங்க.

எதிர்வீட்டு அம்மாவைப் பத்தி உங்களுக்கு ஒண்ணு சொல்லணும். முன்னாடியே சொல்லியிருக்கணும். சொல்ல வழியில்ல, நீங்க போனை எடுக்கல.

நாங்க இங்க வந்து ஒரு வருஷம் கழிச்சு, உங்க ஊர்ல ஆள் பத்தலன்னு மூணு வாரம் என்னை அங்க அனுப்பினாங்க. அதுல ஒரு நாள் உங்க கட்டடத்து லிஃப்டே எனக்கு வந்து சேந்துச்சு. நாலாவது மாடியில கதவு முழுசா மூடலன்னு புகார். உங்க மாடிதான். உங்க வீட்டு மணியை அடிக்கலாமான்னு ரெண்டு தடவை கிட்ட வந்தேன். சொல்லாம வரக்கூடாதுங்கறது பன்னெண்டாவது விதியோ பதிமூணாவதோ. திரும்பிட்டேன்.

கதவோரத்துல ஆள் நிக்கறதைக் கண்டுபிடிக்கற கண்ணாடிக் கண்ணைத் துடைச்சுக்கிட்டிருக்கும்போது அந்த அம்மா வெளிய வந்தாங்க. என்னை அடையாளம் தெரிஞ்சு அப்படியே நின்னுட்டாங்க. உள்ள கூப்பிட்டு உக்கார வெச்சு, அலமாரியிலேருந்து நம்ம கேரியரோட ஒரு அடுக்கை எடுத்துக் குடுத்தாங்க. மூணாம் நாள் அங்கேயே விட்டுட்டு வந்தது. கழுவித் துடைச்சு, துணியில சுத்தி வெச்சிருந்தாங்க. கூடவே உங்க கடிதமும் இருந்துச்சு.

அவங்க அதை எப்படிப் புரிஞ்சுக்கிட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா மச்சான்? "துக்க வீட்டுக்காரி உங்க பாத்திரத்தைத் தொட்டது உங்க வழக்கத்துக்கு ஆகாது போலிருக்கு. எனக்குத் தெரியாம வாங்கிச் சாப்பிட்டுட்டேன். உங்க மச்சான் நல்லவர், பழியை உங்க மேல போட்டு எனக்கு நாகரிகமா எழுதியிருக்கார்"னு சொன்னாங்க. அப்படியெல்லாம் இல்லன்னு நான் எவ்வளவோ சொன்னேன். தலையைத் தலையை ஆட்டினாங்க, நம்பல. உங்களைக் கண்டா கதவைச் சாத்தறது கோவத்துல இல்ல. உங்களுக்குச் சங்கடம் குடுக்கக் கூடாதாம். உங்க வழக்கத்தை மதிக்கறாங்களாம்.

நீங்க அவங்க வழக்கத்தை மதிக்கறீங்க. அவங்க நம்ம வழக்கத்தை மதிக்கறாங்க. நடுவுல ஆறடி நடைபாதை. யாருமே வாயைத் திறக்கறதில்ல. ஒரு தடவை மணியை அடிச்சுப் பாருங்க மச்சான். லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்களுக்குச் சொல்ற மாதிரி சொல்றேன்னு நெனச்சுக்கிட்டாவது செய்ங்க.

படிவத்தை எழுதிடுங்க. அழகா எழுத வேண்டாம். நாலு வரி போதும். அத்தைக்கு இப்ப காலையில நல்லா இருக்கு, சாயங்காலம் ஆனா பேர் மறந்துடுதாம்.

சின்னவ வீட்டுக்காரன்


மார்ச் 9

மாப்பிள்ளைக்கு,

எதிர்வீட்டு அம்மாள் உங்களிடம் அப்படிச் சொல்லியிருக்கலாம். இல்லை என்று சொல்ல மாட்டேன். எதிரில் இருப்பவன் மனம் கோணாமல் இருக்கப் பொய் சொல்வதும் இந்த ஊர் வழக்கம்தான். புத்தகத்தில் பதினேழாம் பக்கத்தில் இருக்கிறது. நீங்கள் அதைப் படிக்கவில்லை, ஆகவே அவள் பேச்சை அப்படியே நம்பிவிட்டீர்கள். நான் மணியை அடிக்கப் போவதில்லை.

நான் ஏன் இப்படி ஆனேன் என்று நீங்கள் ஒரு முறையாவது கேட்டிருக்கிறீர்களா? சொல்கிறேன். சின்னவளுக்கும் சொன்னதில்லை. இங்கே வந்த முதல் வருடம் நம்மவர்கள் ஐந்து பேர் ஓர் அறையில் இருந்தோம். மற்ற நான்கு பேரும் நல்ல பையன்கள், உங்களைப் போல. படிக்கட்டில் நின்று பேசுவார்கள், பால்கனிக்குப் பால்கனி கூப்பிடுவார்கள், வழியில் போகிறவர்களையெல்லாம் சிரித்து வணங்குவார்கள். எட்டாவது மாதம் வீட்டுக்காரர் எல்லோரையும் வெளியேற்றினார். நான் தனியாகப் போய் அவர் முன்னால் நின்று, ஐயா, நான் ஒரு நாளும் சத்தம் போட்டதில்லை என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்து, "உங்களில் யார் எது என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மூன்று வாரம் ரயில் நிலையத்துக் காத்திருப்பு அறையில் இருந்தேன். அங்கேயே முகம் கழுவி அங்கிருந்தே வேலைக்குப் போனேன். அன்று முடிவு செய்தேன், யார் எது என்று தெரியும்படி நடந்துகொள்வதென்று.

இருபத்திரண்டு வருடம் அப்படியே நடந்துகொண்டேன். என்ன கிடைத்தது என்று கேட்பீர்கள். கேளுங்கள். இந்த நாட்டில் பிறந்த ஒருவரும் இதுவரை என் வீட்டு வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்ததில்லை, தண்ணீர் மீட்டர் பார்ப்பவரைத் தவிர. அவரும் காலுறை போட்டுக்கொண்டு வருகிறார், உட்காருங்கள் என்றால் நேரமில்லை என்கிறார். நீங்கள் வந்து மூன்றாம் மாதமே கட்டடக் காவலாளி உங்கள் தோளில் கைபோட்டுக்கொண்டு வாசலில் நின்றார். ஏழு வருடம் நான் அவருக்குத் தினமும் முகமன் சொல்லியிருந்தேன். என் பெயர் அவருக்குத் தெரியாது. உங்களைச் செல்லப்பெயர் வைத்துக் கூப்பிட்டார்.

விதியை மீறுகிறவனுக்கு வரவேற்பு. விதியைக் காப்பவனுக்கு நிலவறை. இதைச் சகித்துக்கொண்டு, "ஆம், இவர் மதித்து நடப்பவர்" என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். அப்படிப் போட்டால் என் இருபத்திரண்டு வருடம் எதற்காக என்று யாராவது கேட்டால் என்ன சொல்வேன்?

நேரில் கண்டதை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். பொய் எழுதி அனுப்பினால் அதுவும் இந்த நாட்டை அவமதிப்பதுதான். ஆகவே கண்டதை எழுதுவேன். குறைத்தும் எழுத மாட்டேன், கூட்டியும் எழுத மாட்டேன்.

அண்ணன்


மார்ச் 14

மச்சான்,

பொய் எழுத வேண்டாம். நல்லதும் எழுத வேண்டாம். ஏழாவது கேள்வியை வெறுமையா விட்டுடுங்க. மத்த ஒன்பதுக்கும் குறி போட்டு அனுப்பிடுங்க. ஒண்ணு வெறுமையா இருந்தா தள்ளுபடி பண்றதில்ல, கூப்பிட்டுக் கேப்பாங்கன்னு ஃபோர்மேன் சொல்றார். நான் அங்க போய்ப் பேசிக்கறேன். பேச எனக்குத் தெரியும்.

காத்திருப்பு அறை விஷயத்தைப் படிச்சேன். ரெண்டு தடவை படிச்சேன். அதை அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா ஃப்ரிட்ஜ் கதவுல நான் கைவெச்சிருக்க மாட்டேன்.

ஆனா ஒண்ணு. போன மாசம் ஒரு கட்டடத்துல ஒருத்தர் ரெண்டு மணி நேரம் லிஃப்ட்ல மாட்டிக்கிட்டு நின்னார். உள்ள சிவப்பா மணி இருக்கு, அழுத்தினா எனக்குக் கேக்கும். அழுத்தவே இல்ல. வேற யாரோ லிஃப்ட் வரலன்னு புகார் பண்ணி நான் போனப்பத்தான் உள்ள ஆள் இருக்கறதே தெரிஞ்சது. கதவைத் திறந்தா சட்டையெல்லாம் நனைஞ்சு நிக்கறார். ஏன் சார் மணியை அழுத்தலன்னு கேட்டேன். ஞாயித்துக்கிழமையாச்சே, எல்லாருக்கும் தொந்தரவா இருக்குமேன்னு நெனச்சேன்னார். நம்ம ஆள்தான், பேசினதும் தெரிஞ்சது. வெளிய வந்ததும் என்கிட்ட மன்னிப்பு வேற கேட்டார். எனக்கு உங்க ஞாபகம் வந்துருச்சு. வீட்டுக்கு வந்து சாப்பிடப் பிடிக்கல.

உங்க கோவம் என் மேல. அத்தை என்ன பண்ணினாங்க? உங்க தங்கச்சி என்ன பண்ணினா? தினம் அண்ணன் அனுப்பிடுச்சான்னு கேக்கறா. இன்னும் ரெண்டு நாள்ல வந்துரும்னு சொல்லிக்கிட்டே இருக்கேன்.

வெறுமையா விட்டுடுங்க. கால்ல விழுந்து கேக்கறதா நெனச்சுக்கங்க.


மார்ச் 27

மாப்பிள்ளைக்கு,

படிவத்தை இன்று பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். ரசீது என்னிடம் இருக்கிறது.

ஏழாவது கேள்விக்கு அவர்கள் விட்டிருந்த இடம் போதவில்லை. தனியாக மூன்று தாள் இணைத்தேன். நான்கு முறை எழுதி அடித்து ஐந்தாவது முறை சுத்தப்படி எடுத்தேன். ஓர் எழுத்துப்பிழை கிடையாது. இந்த நாட்டு மொழியில் இத்தனை நீளமாக எழுதும்படி என்னை யாரும் கேட்டதில்லை. இதுதான் முதல் தடவை.

அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. சின்னவளிடம் அனுப்பிவிட்டேன் என்று சொல்லுங்கள். அவ்வளவும் உண்மை.

அண்ணன்


மே 30

மச்சானுக்கு,

இதுதான் நான் உங்களுக்கு எழுதற கடைசிக் கடிதம். அதனால நடந்ததை முழுசா எழுதிடறேன்.

நேர்காணலுக்கு ஏப்ரல் கடைசியில கூப்பிட்டாங்க. சின்னவளையும் கூட்டிட்டுப் போகணும், ஆனா முதல்ல என்னைத் தனியா உள்ள கூப்பிட்டாங்க. அதுக்குக் கடவுளுக்குக் கும்பிடு. சின்ன அறை. ஒரு மேஜை, மூணு நாற்காலி, தண்ணி கொதிக்க வைக்கற கெட்டில் ஒண்ணு. அதிகாரி ஒரு அம்மா, ஐம்பது வயசு இருக்கும், மூக்கைத் துடைச்சுக்கிட்டே இருந்தாங்க. ஃபோர்மேன் எழுதினதைப் பாத்தாங்க, சரின்னாங்க. அப்புறம் உங்க மூணு தாளை எடுத்தாங்க.

முதல் தாளைப் பாதி படிச்சதும் சிரிச்சாங்க. என்னைப் பாத்து, இது உண்மையான்னு கேட்டாங்க. எதுன்னேன். சத்தமாவே படிச்சாங்க. நான் லிஃப்ட்ல ஏறினவங்ககிட்ட எந்த மாடின்னு கேட்டதோட நிக்காம, பை கனமா இருக்கா, தூக்கட்டுமான்னு கேப்பேன். சொல்லாம கொள்ளாம ஞாயித்துக்கிழமை அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி ஏணி கேப்பேன். புருஷனை இழந்த அம்மாவுக்கு, அவங்க கேக்காமலே, வழக்கத்துக்கு விரோதமா மூணு நாள் சோறு கொண்டு போனேன், அவங்க அழும்போது எழுந்து வராம கூடவே உக்காந்திருந்தேன். காவலாளியோட நின்னு பேசி அவர் வேலையைக் கெடுத்தேன். எல்லாம் தேதியோட எழுதியிருந்தீங்க. உண்மைதான்னு சொன்னேன். வேற என்ன சொல்றது? உண்மைதானே.

பக்கத்து அறையிலேருந்து இன்னொரு அதிகாரியைக் கூப்பிட்டு ரெண்டு வரியைப் படிச்சுக் காட்டினாங்க. அவரும் சிரிச்சார். இத்தனை வருஷத்துல இவ்வளவு நல்ல சிபாரிசு எனக்கு வந்ததில்ல, குறை சொல்ற மாதிரியே எவ்வளவு சாமர்த்தியமா எழுதியிருக்கார், உங்க மச்சான் எழுத்தாளரான்னு கேட்டாங்க. நான் தலையை ஆட்டி வெச்சேன். இந்த விதியெல்லாம் அவருக்கு எங்க கிடைச்சதுன்னாங்க. நீங்க இந்த நாட்டுக்கு வந்தப்ப உங்களுக்குக் குடுத்த சின்னப் புத்தகம்னு சொன்னேன். அந்தப் புத்தகத்தை அச்சடிக்கறதை நிறுத்தியே பதினெட்டு வருஷம் ஆச்சாம். அதுல பாதி அவங்க அப்பா காலத்துலயே யாரும் பாக்கறதில்லையாம்.

நீங்க அவங்க வழக்கத்தைக் காப்பாத்தறீங்க மச்சான். அவங்க அதை எப்பவோ விட்டுட்டாங்க. உங்ககிட்ட சொல்ல மறந்துட்டாங்க.

மனு அங்கேயே ஏத்துக்கிட்டாங்க. சின்னவளை உள்ள கூப்பிட்டுக் கை குடுத்தாங்க.

நான் சந்தோஷமா வெளிய வந்தேன்னு நெனக்காதீங்க. அவங்க ரெண்டு பேரும் சிரிச்சப்ப நான் குரங்காட்டியோட குரங்கு மாதிரி உக்காந்திருந்தேன். நல்ல குரங்கு, கடிக்காத குரங்கு. அவ்வளவுதான். அவங்களுக்கு நீங்க எழுதினது மாலையாத் தெரிஞ்சது, எடுத்து என் கழுத்துல போட்டாங்க. ஆனா நான் உங்க வீட்டுல பதினெட்டு மாசம் இருந்தவன். அவங்க மொழியிலயே எழுதியிருந்தாலும் நீங்க எழுதினதை அவங்களை விட நான் நல்லாப் படிச்சேன். அது மாலை இல்ல. மூணு தாள்ல என்னைக் கண்டதுண்டமா வெட்டி வெச்சிருந்தீங்க. அன்னிக்குக் குறி தப்பிருச்சு, அவ்வளவுதான். உங்க தங்கச்சி உங்க அம்மாவைப் பாக்கவே முடியாமப் போனாலும் பரவால்லன்னுதான் அதை ஒட்டி அனுப்பினீங்க.

அண்ணன் என்ன எழுதியிருந்துச்சுன்னு சின்னவ ரயில்ல வரும்போது கேட்டா. ரொம்ப நல்லா எழுதியிருந்தார், அவங்களே அசந்து போயிட்டாங்கன்னு சொன்னேன். அழுதுட்டா. அதை அப்படியே விட்டுடுங்க. அவளுக்கு இருக்கறது ஒரே அண்ணன்.

பாஸ்போர்ட் வந்து, போன செவ்வாய்க்கிழமை ஊருக்குப் போய்ச் சேர்ந்துட்டா. அத்தைக்கு ரெண்டு நாள் அடையாளம் தெரியல. நர்ஸுன்னு நெனச்சுக்கிட்டாங்க. மூணாம் நாள் காலையில, என்னடி தலை இப்படிக் காஞ்சு கெடக்குன்னு திட்டினாங்களாம். இவ போன்ல அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. உங்களைப் பத்தி அத்தை கேக்கல. கேட்டாங்கன்னு எழுதலாம், பொய் சொல்ல எனக்கு வரும். உங்ககிட்ட மட்டும் வேண்டாம்னு தோணுச்சு.

இனிமே எழுத மாட்டேன். நீங்களும் எழுத வேண்டாம்.


ஜூன் 6

மாப்பிள்ளைக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். ஒரே ஒரு கடிதம் பாக்கி இருக்கிறது.

நீங்கள் படித்ததுதான் சரி. நான் மாலை கட்டவில்லை. சின்னவளிடம் எதுவும் சொல்ல மாட்டேன். அது உங்களுக்காக இல்லை.

அலுவலகத்திலிருந்து எனக்கும் ஒரு தாள் வந்தது. "தங்கள் சாட்சியத்துக்கு மனமார்ந்த நன்றி" என்று அச்சடித்து, கீழே யாரோ மையால் ஒரு வரி சேர்த்திருந்தார்கள், படித்து மகிழ்ந்தோம் என்று. இருபத்திரண்டு வருடத்தில் இந்த நாடு எனக்கு எழுதிய முதல் நன்றி. எங்கே வைப்பது என்று தெரியாமல் இன்னும் மேஜை மேலேயே கிடக்கிறது.

சென்ற சனிக்கிழமை தபால்பெட்டி அருகில் எதிர்வீட்டு அம்மாள் நின்றிருந்தாள். கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் உடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, சுவரோரமாக ஒதுங்கி எனக்கு வழிவிட்டாள். நன்றி என்றேன். அவளும் நன்றி என்றாள். இருவரும் மிக மரியாதையாக நடந்துகொண்டோம். மேலே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

நூலகத்திலும் விசாரித்தேன். மேல்மாடியில் இருக்கும் பெண்ணிடம், சாப்பாட்டை அறையில் சூடாக்கிக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவள் விழித்தாள். நாங்கள் தினமும் அதைத்தானே செய்கிறோம், உங்களுக்கு ஆறினதுதான் பிடிக்கும் என்றல்லவா நினைத்தோம், அதை உங்களிடம் கேட்பது மரியாதையில்லை என்று பேசாமல் இருந்தோம் என்றாள். அன்றும் ஆறின ரொட்டியைத்தான் தின்றேன். திடீரென்று மாற்றினால் ஏன் என்று கேட்பார்கள்.

இதற்கெல்லாம் உங்களிடம் ஆறுதல் கேட்கவில்லை. உங்கள் மேல் எனக்கிருக்கும் கோபம் குறையவும் இல்லை. தவறான புத்தகத்தை வைத்துக்கொண்டு நான் சரியாக நடந்தேன். நீங்கள் ஒரு புத்தகமும் இல்லாமல் தவறாக நடந்து உள்ளே போய்விட்டீர்கள். அதற்காக உங்களை மன்னிக்க எனக்குத் தெரியவில்லை.

ஒன்று மட்டும் தெரிய வேண்டும். அந்த மூன்று தாளின் நகல் என்னிடம் இருக்கிறது. நேற்றிலிருந்து நான்கைந்து முறை வாய்விட்டே படித்துப் பார்த்துவிட்டேன். எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. சிரிக்கும்படியாக என் கண்ணுக்கு அதில் ஒன்றும் படவில்லை. அந்த அதிகாரி அம்மாள் முதல் தாளில் பாதி படித்ததும் சிரித்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த வரியில் சிரித்தார்? அதை மட்டும் எழுதுங்கள். வேறு ஒன்றும் எழுத வேண்டாம்.

அண்ணன்